தூக்க முடியாத இடது கை

தொடரின் முதல் பகுதி சனிக்கிழமை நள்ளிரவில் ஒளிபரப்பானது. அதற்காகக் கண் விழித்து உட்காரும் ஆசையெல்லாம் தமாகிக்கு எப்போதோ போய்விட்டது. பதிவு செய்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து சோறு வைத்தாள், மீன் சுட்டாள், மிசோ சூப்பைக் கலக்கி வைத்தாள். கணவன் சோஹெய் குளித்துவிட்டு வரும்வரை அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு கின்மொக்குசேய் மரம் பூத்திருச்சு. தெருவே மணக்குது" என்றான் சோஹெய், தலையைத் துவட்டிக்கொண்டே.

"அப்படியா."

ஜன்னல் விரியத் திறந்துதான் கிடந்தது. மணம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் குளிர்காலத்திலிருந்து தமாகிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, அப்படியா. மேல்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, அப்படியா. சோஹெய்க்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வண்டியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் எங்கே என்று தெரியாமல் ஓட்டுவதைப் போலக் கொடுமை வேறில்லை என்பான்.

தமாகி அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்கு வரைகிறவள். சண்டைக் காட்சிகளில் கைதேர்ந்தவள் என்று பெயர். ஒருவன் இன்னொருவனை உதைத்தால் உதைத்தவனுக்கும் வலிக்க வேண்டும், அது அவள் வரைந்தால்தான் வரும் என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் ஸ்டூடியோவிலிருந்து பேருந்தில் ஏறினாள், இறங்கவில்லை. வண்டி டிப்போவுக்குள் போய் விளக்கை அணைத்த பிறகும் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்த டிரைவர் எழுப்பப் போனார். கண் திறந்துதான் இருந்தது. "நம்ம சோஹெய் சம்சாரமாச்சே" என்று அடையாளம் கண்டு அவர்தான் போன் போட்டார். அதன்பிறகு அவள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே பெட்டிச் சோறு விற்கும் கடையில் உருளைக்கிழங்குக் கட்லெட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அது கோணலாக இருந்தால் யாரும் திருத்தச் சொல்வதில்லை.

அவள் விட்டுவிட்டு வந்த வேலைதான் இந்தத் தொடர். பெயர் "நள்ளிரவுக் கத்தரி". தையல்காரியாக வேடமிட்டுத் திரியும் கொலைகாரி ஒருத்தி, பெயர் இதோஹா, ஆளுயரக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கெட்டவர்களை நறுக்குகிறாள். கதையைக் கேட்டபோதே சோஹெய் சிரித்தான். தமாகியும் அப்போது சிரித்தாள், அப்போது சிரிப்பு வரும்.

நேற்று மாலை ஹிருகாவாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஹிருகாவா அந்த ஸ்டூடியோவின் தலைமை ஓவியர். எல்லாரும் வரைந்ததை வாங்கி, பிழையை மஞ்சள் தாளில் திருத்தி, மேலே வைத்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. இமையில் ஒரு முடி கூடியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு மஞ்சள் பிசாசு என்று பெயர். முகத்துக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னவன் ஒருவன்தான், அவன் இப்போது நாய்களுக்கு முடிவெட்டுகிறான்.

"முதல் பகுதி பார். கடைசிப் பகுதிச் சண்டை முழுக்க உனக்காக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். வருகிறாயா இல்லையா, ஞாயிறு மாலைக்குள் சொல்" என்பதுதான் செய்தி.

தமாகி தனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். பார்க்கும்போது ஒரு இடத்திலாவது மனம் அசைந்தால் போவது. அசையவில்லை என்றால் கட்லெட். இதை சோஹெயிடம் சொல்லவில்லை. ஆனால் டிவி ரிமோட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. மீனில் முள் எடுக்கத் தொடங்கினான்.

தொடர் ஆரம்பித்தது. மழை. ஊதா விளக்குகள். உயரமான கட்டடத்தின் விளிம்பில் இதோஹா நிற்கிறாள், கோட்டு பறக்கிறது, கோட்டின் உள்பக்கம் மட்டும் இரத்தச் சிவப்பு. எங்கிருந்தோ சாக்ஸபோன். அவள் விழுகிறாள். குதிக்கவில்லை, அலுத்துப்போய் விழுகிறவள் போல விழுகிறாள். திரை முழுக்க அவள் பெயர் பெரிய எழுத்தில் வந்து, கத்தரியால் இரண்டாக வெட்டுப்படுகிறது.

"யப்பா" என்றான் சோஹெய், சாப்ஸ்டிக்கை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி. "ஜோரா இருக்கு."

இருந்தது. தமாகி அதை ஒப்புக்கொண்டாள். நிறம் நன்றாக இருந்தது. இசையைக் கொஞ்சம் தாமதமாக நுழைத்தது கெட்டிக்காரத்தனம். மழைத்துளி கத்தரியில் பட்டுத் தெறிப்பதை யார் வரைந்தது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது, எதிர் மேசைக் குள்ளன். எல்லாம் தெரிந்தது. கல்யாண வீட்டில் சாப்பிடும் சமையல்காரிக்கு உப்பும் புளியும் தனித்தனியாகத் தெரியுமே தவிர விருந்து தெரியாது.

வில்லன் வந்தான். வந்தவன் பேசினான். ஆட்களைச் சுற்றி நிறுத்திவிட்டு, நீதி என்றால் என்ன, இருட்டு என்றால் என்ன என்று நிதானமாக விளக்கினான்.

"இவன் பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்துருவேன்" என்றான் சோஹெய். "அவளும் பாரு, கேட்டுக்கிட்டு நிக்கிறா. கத்தரியை வச்சிருக்கா இல்ல, வெட்டேண்டி."

"வசனம் எழுதினவருக்கும் பொழப்பு ஓடணும்ல."

அவள் சொன்னது நகைச்சுவைதான். சோஹெய் சிரித்தான். அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை.

பிறகு சண்டை. ஒரு ஈட்டி பறந்து வந்து இதோஹாவின் இடது தோளில் பாய்ந்து மறுபக்கம் வந்தது. கை செத்துத் தொங்கியது. அதன்பிறகு ஒற்றைக் கையாலேயே ஆளுயரக் கத்தரியைச் சுழற்றி, சுவரில் ஓடி, கூரையில் தலைகீழாக நின்று, இருபது பேரையோ முப்பது பேரையோ அடித்துப் போட்டாள். ஊரே கொண்டாடப்போகிற சண்டை. வேகம் இருந்தது, அழகு இருந்தது. ஆனால் ஒருத்தருக்கும் மூச்சு வாங்கவில்லை. அடிபட்டவன் விழும்போதும் ஸ்டைலாக விழுந்தான். எவனாவது ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாக உட்கார்ந்திருந்தால் நம்பியிருக்கலாம்.

"இவ்வளவு புரண்டும் கோட்டுல ஒரு கசங்கல் இல்ல. என்ன துணின்னு கேட்டுச் சொல்லு, யூனிபார்ம் தைச்சுக்கிறேன்."

"ம்."

தமாகி தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவது மாதிரி இருந்தது. நல்லது, கட்லெட்தான் என்று முடிவு செய்தாள். அந்த முடிவுக்காக வருத்தப்படவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பகுதி முடியப்போகிற நேரம். சண்டை ஓய்ந்து, இதோஹா ஒரு கட்டடத்தின் பின்படிக்கட்டில் தனியாக வந்து உட்காருகிறாள். நனைந்த முடி முகத்தில் விழுகிறது. அதை இரண்டு விரலால் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறாள். ஒதுக்கிய கையை எடுக்காமல் உள்ளங்கையைக் காதின் மேலேயே வைத்துக்கொள்கிறாள், சத்தம் ஏதும் கேட்க வேண்டாம் என்பவள் போல. அவ்வளவுதான். சில வினாடிகள்.

சோஹெய் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "ஏய். அது நீ."

தமாகி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது நீதான். டிப்போவுல அன்னைக்கு நான் வந்தப்போ இப்படித்தான் காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தே."

தமாகி ரிமோட்டைத் தேடி எடுத்துப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். அது அவள் கடைசியாக வரைந்த ஷாட். பாதியில் மேசை மேல் போட்டுவிட்டு வந்தது. யாராவது அழித்துப் புதிதாக வரைந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அழிக்கவில்லை, மிச்சத்தை முடித்துப் போட்டிருந்தார்கள். ஆனால் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது அதற்காக இல்லை.

"கையைப் பாரு" என்றாள்.

"எந்தக் கை?"

"இடது கை. ஈட்டி குத்தின கை. அவளால அதைத் தூக்க முடியாது."

சோஹெய் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தான். "அட ஆமா."

அந்தத் தொழிலில் எல்லார் மேசையிலும் ஒரு கண்ணாடி இருக்கும். எதை வரைய வேண்டுமோ அதைத் தானே நடித்துக் கண்ணாடியில் பார்த்து வரைவார்கள். ஸ்டூடியோவுக்குள் புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேர் தனித்தனியாகச் செத்துச் செத்து விழுவதைப் பார்த்து மிரண்டுபோவதுண்டு. கண்ணாடியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நீ வலது கையைத் தூக்கினால் எதிரே இருக்கிறவள் இடது கையைத் தூக்குவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, அதன்பிறகு யாரும் செய்வதில்லை. தமாகி பிப்ரவரியில் செய்திருக்கிறாள். என்ன வரைகிறோம் என்பதே அப்போது அவள் கையில் இல்லை.

தப்பு நடந்தது ஆச்சரியமில்லை. ஹிருகாவாவைத் தாண்டி அது டிவி வரை வந்ததுதான் ஆச்சரியம். அவர் கண்ணில் எதுவும் தப்பாது என்ற தைரியத்தில் மற்றவர்கள் சரிபார்ப்பதையே விட்டுவிட்டிருந்தார்கள். அவர் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் பார்த்தும் திருத்தாமல் விட்டிருக்கிறார். திருத்தினால் அந்தக் கையின் சோர்வு போய்விடும் என்று விட்டிருக்கிறார். தப்போடு சேர்த்து அவளை அப்படியே வைத்திருக்கிறார்.

தமாகியின் மனதுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. சின்னதுதான். ஆனால் எட்டு மாதமாக அதுகூட இல்லை.

"இதைப் பாரேன்" என்று சோஹெய் போனை நீட்டினான். இணையத்தில் இரவே பேச்சு ஆரம்பித்திருந்தது. "இடது கையைத் தூக்குகிறாள், கவனித்தீர்களா? காயம் நடிப்பு! இதோஹா எல்லாரையும் ஏமாற்றுகிறாள்!" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் வாயைப் பிளந்திருந்தார்கள். இன்னொருவன் படம் போட்டு, கோடு இழுத்து, இப்படியொரு சூசகத்தை முதல் பகுதியிலேயே வைத்த இயக்குநர் மேதை என்று நிரூபித்திருந்தான். சண்டை பிரமாதம், கதையில் சரக்கில்லை என்று எழுதியவனைக்கூட இடது கை வாயடைக்க வைத்திருந்தது.

"உன் தூக்கக் கலக்கத்தை மேதைன்னு சொல்லிட்டானுங்க" என்று சோஹெய் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"போகலாம்னு நினைக்கிறேன்" என்றாள் தமாகி.

அவன் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய் குழாயைத் திறந்தான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். "சரி. போ. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு டிப்போவுல நான் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாருன்னு என்னைப் பார்த்தே. எனக்கு அதுதான் பயம். வேற ஒண்ணும் இல்ல."

அவளுக்கு ஞாபகம் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவில் துணி காயும் இடத்துக்குப் போனாள்.

மணி நீண்ட நேரம் அடித்த பிறகு ஹிருகாவா எடுத்தார்.

"ஹிருகாவா சான், நான் மினேகிஷி" என்று மரியாதையோடு தன் குடும்பப் பெயரைச் சொன்னாள் தமாகி.

"ஓ. மினேகிஷியா. பார்த்தியா?"

"பார்த்தேன். ரொம்ப நன்றி. அந்தக் கையைத் திருத்தாம விட்டதுக்கு."

"எந்தக் கை?"

"கடைசியில, படிக்கட்டுல. இடது கை."

"இடது கைக்கு என்ன?"

அவர் வேடிக்கை செய்கிறார் என்று முதலில் நினைத்தாள். அவர் வேடிக்கை செய்கிற ஆள் இல்லை. மெதுவாகச் சொன்னாள், கண்ணாடியைப் பார்த்து வரைந்ததை, ஈட்டி பாய்ந்த தோளை, தூக்க முடியாத கையை. அவர் எதையோ தட்டி ஓடவிடும் சத்தம் கேட்டது. சாக்ஸபோன் கேட்டது, மழை கேட்டது. பிறகு நின்றது. பிறகு மறுபடி அதே மழை.

"ஆமா" என்றார் ஹிருகாவா. "தப்புதான். இடது கை."

"நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேனே. மூணு தடவை பார்த்தேன். மஞ்சள் தாள்ல முகத்தை மட்டும் திருத்தியிருக்கேன், இதோ இருக்கு. கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் பார்த்தேன் மினேகிஷி."

தமாகி கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தயாரிப்பாளர் வேற காலையில இருந்து போன் பண்றாரு" என்று அதே குரலில் தொடர்ந்தார். "ஜனங்க என்னமோ சொல்றாங்களாம், கதையை மாத்தலாமான்னு கேட்கறாரு. எதைச் சொல்றாருன்னு எனக்குப் புரியல. சரி சரின்னேன். இதைத்தானா? நீ எப்ப வர்றே? சண்டை அப்படியே இருக்கு. மழை விட்டதும் வந்துரு."

தமாகி வானத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்தே வெயில். கொடியில் கிடந்த துண்டுகள் முறுகிக் காய்ந்திருந்தன.

"வீட்டுக்கு எப்போ போனீங்க?"

"வீட்டுக்கா? போகணும்" என்றார். "ஆமா, அது நல்லா வந்திருக்கா? முதல் பகுதி? எல்லாரும் நல்லாயிருக்குங்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பார்த்தியே, எப்படி இருக்கு?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, ஆனால் நிஜக் கோபம், காது சூடாகும் கோபம். அவர் மேலா, ஸ்டூடியோ மேலா, அந்தக் கையில் ஒரு அன்பைக் கண்டுபிடித்துக் கரைந்துபோன தன் மேலேயா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இணையத்தில் மேதை என்று எழுதினவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவளுடைய, அவருடைய செத்துப்போன கண்களுக்கு நடுவே நழுவி வந்த ஒரு தப்பு, அதற்கு அவனும் அர்த்தம் சொன்னான், அவளும் சொன்னாள்.

"எழுந்திருங்க" என்றாள்.

"என்ன?"

"எழுந்திருங்கன்னேன். மேசையை விட்டு எழுந்திருங்க. பென்சிலைக் கீழே வைங்க. வாசல்ல வந்து நில்லுங்க, நான் வர்றேன். யாராவது கூப்பிட்டா உள்ள போகக்கூடாது. கேக்குதா உங்களுக்கு?" வராந்தா அதிர்ந்தது. பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"ஏன் கத்தறே?" என்றார் ஹிருகாவா, கொஞ்சம் பயந்து. அந்த மனிதரிடம் யாரும் கத்தியதில்லை.

உள்ளே வந்தபோது சோஹெய் ஏற்கனவே சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸா என்று முணுமுணுத்தான். ஆனால் வாசலில் அவள் செருப்பை எடுத்து, மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்ததும் அவன்தான்.

ஹிருகாவா ஸ்டூடியோ வாசலில் வெயிலில் நின்றிருந்தார். உள்ளே போட்டுக்கொள்ளும் சப்பல்தான் காலில். கன்னத்தில் பென்சில் கரி. தெருவில் வெயில் இருப்பதை யாரோ தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சோஹெய் போய்க் கையைப் பிடித்ததும் கூடவே வந்தார். மஞ்சள் பிசாசு இவ்வளவு லேசாக இருப்பார் என்று அவன் நினைத்ததே இல்லை.

பேருந்தில் கடைசி இருக்கையில் மூவரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சோஹெய், லீவு நாள்லயும் விட மாட்டியா?" என்றார்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போறோம்" என்றான் சோஹெய். அதற்குமேல் டிரைவர் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஹிருகாவா கேட்டார். "அப்போ அந்தக் கடைசிச் சண்டை?"

"நான் வரையல."

"நல்லா வந்திருக்கும், நீ வரைஞ்சிருந்தா."

"தெரியும்" என்றாள் தமாகி. அது வலித்தது. சண்டை அவள் தலைக்குள் முழுதாக இருந்தது, யார் எங்கே அடிவாங்குவான், யாருக்கு மூச்சு வாங்கும் என்பது வரை. அதை இனி யாரோ வரைவார்கள், அழகாக, கோட்டு கசங்காமல். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அழுகிறாள் என்று சோஹெய்க்குத் தெரிந்தது. அவள் அழுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வழியில் ஒரு குளத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்து திரும்பியபோது ஹிருகாவாவின் தலை அவள் தோளில் வந்து விழுந்தது. பதறிப்போய்க் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. குறட்டை வந்துகொண்டிருந்தது. தோள் மரத்துப்போகும்வரை அவள் அசையவில்லை.